நம்ச்சா பர்வா: ஆறு வளையும் இடத்தில் மலை ஏன் எழுந்தது?

இமயமலைத் தொடர் கிழக்கே முடியும் இடத்தில், திபெத்தின் தென்கிழக்கு மூலையில், 7,782 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது நம்ச்சா பர்வா. ஆற்றுக்கு வடகரையில் 7,294 மீட்டர் உயரமுள்ள க்யாலா பெரி. இரண்டு உச்சிகளுக்கும் நடுவே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். கயிலைப் பகுதியில் பிறந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கு நோக்கியே வந்த யார்லுங் சாங்போ ஆறு இந்த இடைவெளிக்குள் நுழைந்து, வடகிழக்கே ஏறி, பிறகு சட்டென்று தெற்கே திரும்பிவிடுகிறது. பே என்ற ஊருக்கருகில் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,900 மீட்டர் மேலே ஓடும் ஆறு, இந்திய எல்லையை நெருங்கும்போது 600 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து அதன் பெயர் சியாங். அசாம் சமவெளியில் திபாங், லோகித் ஆறுகளோடு சேர்ந்தபின் பிரம்மபுத்திரா.

ஆறு இவ்வளவு கடுமையாக வளையும் அதே இடத்தில், சுற்றுவட்டாரத்திலேயே உயர்ந்த சிகரமும் நிற்பது தற்செயலா? இமயத்தின் மேற்குக் கோடியிலும் இதே அமைப்பு இருக்கிறது. அங்கே 8,126 மீட்டர் நங்க பர்வதம். அதை அணைத்துத் திரும்பும் ஆறு சிந்து. ஒரே தற்செயல் இரு முனைகளிலும் நேர்ந்தது என்று சொல்ல எந்த நிலவியலாளரும் துணியமாட்டார். ஆனால் எது எதற்குக் காரணம் என்பதில் ஒன்றரை நூற்றாண்டாக விடைகள் மாறிக்கொண்டே வருகின்றன.

இக்கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருந்தது: சாங்போ எங்கே போகிறது? அது தீர்ந்துவிட்டது. எப்படித் தீர்ந்தது என்று பார்த்தால், இரண்டாவது ஏன் தீரவில்லை என்பதும் ஓரளவு விளங்கும்.

ஆறு போன வழி

சீனப் பேரரசர் காங்சியின் அவையிலிருந்த ஏசுசபைப் பாதிரிமார், பயிற்சி பெற்ற லாமாக்களை அனுப்பித் திபெத்தை அளக்கச் செய்தார்கள். அந்த வரைபடங்களை வைத்து 1730களில் பிரெஞ்சு வரைபடவியலாளர் தான்வீல், சாங்போவை பர்மாவின் ஐராவதியோடு இணைத்தார். 1765இல் வங்காளத்து ஆறுகளை அளந்துகொண்டிருந்த ஜேம்ஸ் ரென்னலுக்கு வேறொன்று உறைத்தது. கங்கையைவிடப் பெரிதாகத் தெரிந்த பிரம்மபுத்திராவுக்கு அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாங்போவிலிருந்துதான் என்று அவர் ஊகித்தார்.

1820களில் அசாம் பிரிட்டிஷார் கைக்கு வந்தபின் வில்காக்ஸ் என்ற அளவையாளர், பிரம்மபுத்திராவின் மேல்கிளைகளில் ஓடும் நீரை அளந்து, சியாங்தான் பெரிய கிளை என்று காட்டினார். 1827இல் மலை தாண்டி ஐராவதியின் மேல்பகுதிக்கும் போனார். அங்கே அது சிறிய ஆறாகத்தான் இருந்தது. விவகாரம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஐரோப்பாவில் கீழ்த்திசை மொழியறிஞர் கிளாப்ரோட் சீன நூல்களைக் காட்டி ஐராவதியின் பக்கமே நின்றார். 1880களிலும் பர்மாவில் பணிபுரிந்த பொறியாளர் ராபர்ட் கார்டன், ஐராவதி வெள்ளத்தின் அளவையே சான்றாக வைத்து அதே கட்சிக்காக வாதாடினார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஆற்றின் மேலே எதையாவது போட்டு, கீழே அது வருகிறதா என்று பார்ப்பது. 1880இல் இந்திய நிலஅளவைத் துறை ஒரு சீன லாமாவையும் அவருக்குத் துணையாகக் கிந்துப் என்பவரையும் அனுப்பியது. கிந்துப் டார்ஜிலிங்கில் தையல் வேலை பார்த்தவர், சிக்கிம்காரர், எழுதப் படிக்கத் தெரியாது. லாமா வழியில் அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். கிந்துப் தப்பினார், மறுபடி பிடிபடும் நிலையில் மார்ப்புங் மடத்தலைவர் அவரை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார். புண்ணியத் தலம் பார்க்கப் போகிறேன் என்று மடத்தில் விடுப்பு கேட்டுப் போய், ஓர் அடி நீளத்தில் ஐந்நூறு மரக்கட்டைகளை வெட்டி ஒளித்துவைத்தார். இன்ன நாளிலிருந்து நாளுக்கு ஐம்பதாகப் பத்து நாள் ஆற்றில் விடுவேன் என்று, அடுத்த முறை கிடைத்த விடுப்பில் லாசாவுக்குப் போய், அங்கிருந்து கடிதம் எழுதச் செய்து அனுப்பினார். சொன்னபடி விட்டார். கடிதம் போய்ச் சேருமுன் அதைப் பெறவேண்டிய அதிகாரி ஹார்மன் இந்தியாவை விட்டே போயிருந்தார். கீழே, அசாமில், கட்டைகளை எதிர்பார்த்து ஒருவரும் நிற்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்துத் திரும்பிய கிந்துப் வாய்மொழியாகச் சொன்னதை வேறொருவர் எழுத, அது மொழிபெயர்ந்து அச்சேறியபோது, பெமாகோச்சுங் என்ற இடத்தில் 150 அடி அருவி இருப்பதாகப் பதிவாகியது. 1913இல் பிரிட்டிஷ் அதிகாரிகளான பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் நடந்தே போய்ப் பார்த்தார்கள். அங்கே இருந்தது ஏறத்தாழ 30 அடி அருவி. 150 அடி என்று கிந்துப் சொன்னது க்யாலா என்ற ஊரருகே ஒரு சிற்றோடையில் விழும் நீரைப் பற்றி. எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். மற்றபடி கிந்துப் நினைவிலிருந்து சொன்ன வழித்தடம் வியக்கத்தக்க அளவு சரியாக இருந்தது. பெய்லியின் முயற்சியால் கடைசிக் காலத்தில் அவருக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது. அரசு அதைப் பெரிய மனதாக நினைத்திருக்கக்கூடும்.

அடியும் மீட்டரும்

சிகரம் வரைபடத்தில் ஏறியது இதற்குச் சற்று முன்னால்தான். சென்னைப் பரங்கிமலை அருகே 1802இல் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் நீட்சி, 1912இல் சியாங் பள்ளத்தாக்கை எட்டியது. தெற்கிலிருந்து பார்த்து நம்ச்சா பர்வாவுக்கு 25,445 அடி என்று கணக்கிட்டார்கள், 7,756 மீட்டர். இன்றைய எண்ணுக்கும் அதற்கும் முப்பது மீட்டருக்குள்தான் வித்தியாசம். 1992 அக்டோபர் 30 அன்று ஜப்பானிய-சீனக் கூட்டுக்குழு உச்சியை எட்டும்வரை, உலகில் எவரும் ஏறாத சிகரங்களில் மிக உயர்ந்தது இதுவே.

பள்ளத்தாக்கில் மாபெரும் அருவி ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற எதிர்பார்ப்பும் நெடுங்காலம் இருந்தது. 1924இல் தாவர சேகரிப்பாளர் கிங்டன் வார்டு பெரும்பகுதியைக் கடந்து சில மைல்களை மட்டும் விட்டுவைத்தார். அந்த மிச்சத்தில் 1998இல் கண்டறியப்பட்ட அருவி 30 மீட்டருக்குச் சற்று மேல். உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்கு எது என்ற போட்டியும் இப்படித்தான். சீனத்தரப்பு இதன் உச்ச ஆழத்தை 6,009 மீட்டர் என்கிறது. தௌலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே ஓடும் காளி கண்டகிக்கும் அதே பட்டம் சூட்டப்படுகிறது. ஆற்றிலிருந்து எந்த உச்சி வரை, எவ்வளவு அகலத்துக்குள் அளப்பது என்று முடிவு செய்யாமல் இந்தப் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மூத்தது ஆறு என்றவர்கள்

இனி, தீராத கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தந்த விடை எளிமையானது: ஆறு முதலில் ஓடியது, மலை பிறகு மெல்ல எழுந்தது, எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் பவல் 1875இல் கொலராடோ ஆற்றுப் படுகைக்கு இப்படித்தான் விளக்கம் சொன்னார். இமயத்தைத் துளைத்து வரும் ஆறுகளுக்கும் அதே விளக்கம் பொருத்தப்பட்டது. 1930களில், எவரெஸ்ட் ஏறும் முயற்சியிலும் பங்கெடுத்த நிலவியலாளர் வேகர், அருண் ஆற்றை ஆராய்ந்து இதற்கு ஒரு திருப்பம் கொடுத்தார். ஆறு பாறையை அரித்து எடுத்துப்போக எடுத்துப்போக, சுமை குறைந்த நிலம் மேலே மிதந்து எழும். எனவே பள்ளத்தை ஒட்டிய உச்சிகள் இன்னும் உயரும்.

ஆறு மலையை எப்படிக் கடக்கிறது என்பதற்கு இது விடை. ஏன் இங்கே மட்டும் கொண்டையூசி வளைவு, ஏன் வளைவுக்கு நடுவிலேயே உயர்ந்த சிகரம் என்பதற்கு இது போதாது. போன எடையைவிட அதிகமாக நிலம் எழாது என்ற எல்லையும் வேகரின் விளக்கத்துக்கு உண்டு. பூமியின் ஆழத்தில் வெந்த பாறை மிக அண்மைக் காலத்தில் மேலே வந்திருப்பதை அது தொடவில்லை. அப்படியொரு பாறை இங்கே இருக்கிறது என்பதே அவர் காலத்தில் தெரியாது.

ஐராவதி திரும்பி வருகிறது

இரண்டாவது தரப்பின்படி சாங்போ முன்பு வேறு வழியில் ஓடியது. தெற்கிலிருந்து தலைப்பக்கமாக அரித்துக்கொண்டே வந்த ஒரு மலையாறு அதன் நீரைக் கவர்ந்துகொண்டது. கவர்ந்த இடமே வளைவு. திடீரெனக் கூடுதல் நீரும் செங்குத்தான சரிவும் கிடைத்ததால் அரிப்பு தீவிரமாகி, மலை எழத் தொடங்கியது. அப்படியானால் முன்பு எங்கே ஓடியது? செவ்வாற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்கு என்பது 2004இல் கிளார்க் குழுவினர் முன்வைத்த கருத்து. ஐராவதி வழியாக பர்மாவுக்கு என்பது 2014இல் ராபின்சன் குழுவினர் முன்வைத்தது. தான்வீல் நிகழ்காலத்தைப் பற்றிச் சொல்லித் தோற்ற விடை, இரண்டேமுக்கால் நூற்றாண்டு கழித்து இறந்தகாலத்தில் உயிர்பெற்றது.

இவர்களின் சான்று மணல். பழைய ஆற்றுப்படிவிலிருந்து ஒரு பையளவு மணற்கல்லை எடுத்து நொறுக்கி, தண்ணீரில் அலசி, காந்தத்தாலும் கனமான திரவங்களாலும் பிரித்தால், மிஞ்சுவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் குருணைகள். கண்ணாடித் தகட்டில் வரிசையாக ஒட்டி, பாதியளவு தேய்த்து, ஒவ்வொன்றின் மேலும் லேசர் கதிரைப் பாய்ச்சினால், உள்ளே யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்பதிலிருந்து குருணை பிறந்த காலம் கிடைக்கும். ஹாஃப்னியம் தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம் அது எந்த வகைக் குழம்பிலிருந்து பிறந்தது என்று சொல்லும். தென் திபெத்தின் காங்தீஸ் கருங்கல் தொடருக்கென்று இப்படியொரு முத்திரை உண்டு. அந்த முத்திரையுள்ள குருணைகள் பர்மாவின் பழைய படிவுகளில் கிடைத்தன, ஏறத்தாழ 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தொடர்பு அறுந்தது என்பது ராபின்சன் குழுவின் வாதம்.

மறுப்பும் உடனே வந்தது. பர்மாவுக்கே சொந்தமாக அதேபோன்ற எரிமலைத் தொடரும் கருங்கற்களும் இருக்கின்றன. குருணை திபெத்திலிருந்துதான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லாங், ஹண்டிங்டன் இருவரும் இமயத்தின் அடிவாரப் படிவுகளைப் பார்த்து, சாங்போ தொடக்கத்திலிருந்தே சியாங் வழியாகவே வந்தது என்றார்கள். வங்காளப் படுகையை ஆராய்ந்த பிராச்சியாலி குழுவோ கவர்வு நடந்தது, ஆனால் 1.8 கோடி ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது என்றது.

இந்தச் சச்சரவில் யார் சரியாக இருந்தாலும் ஒரு முடிவு கைக்கு வருகிறது. நம்ச்சா பர்வாவின் வேகமான எழுச்சி அண்மைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. கவர்வு நடந்திருந்தாலும் அதற்கு வெகுகாலம் முந்தியே நடந்திருக்கிறது. எனவே கவர்வுதான் நேரடித் தூண்டுதல் என்ற பகுதி வலுவிழந்துவிட்டது என்றே கருதவேண்டியிருக்கிறது.

அரிப்பு இழுத்த பாறை

மூன்றாவது தரப்பு மலையின் உடம்பையே பார்த்தது. இந்தியத் தட்டின் முனை இங்கேதான் ஆசியாவுக்குள் குத்தி நிற்கிறது. தொடர்கள் அதைச் சுற்றி மடங்குகின்றன. மேற்கு முனையின் மடிப்பை வாடியா 1931இல் விளக்கியது பெயர்பெற்ற ஆய்வு. கிழக்கு முனையில் 1990களில் பர்க் குழுவினர், இந்தியத் தட்டின் பாறைகள் பெரிய கவிழ்ந்த மடிப்பாக மேலே புடைத்திருப்பதைக் காட்டினார்கள். இங்குள்ள பாறைகள் 10 லட்சம் ஆண்டு அளவிலேயே ஆழத்தின் வெப்பத்திலிருந்து வெளிவந்திருக்கின்றன. ஒரு கோடி ஆண்டுகூட ஆகாத கருங்கற்கள் இருக்கின்றன. நிலவியல் கணக்கில் இவை நேற்றுப் பிறந்தவை.

2001இல் ஸைட்லர் குழுவினர் இவற்றை இணைத்து ஒரு கோட்பாடு தந்தார்கள். ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்தால் அங்கே அழுத்தம் குவிந்து வீங்கும். வீங்க வீங்க இன்னும் மெலியும். அதுபோல, ஆறு மேலோட்டைத் தொடர்ந்து சீவும் இடத்தில் ஆழத்துச் சூடான, இளகிய பாறை அந்தப் பலவீனத்தை நோக்கிப் பாய்ந்து எழுகிறது, மலை செங்குத்தாகிறது, ஆறு இன்னும் வலுவாக அரிக்கிறது. ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கும் இந்தச் சுழற்சியில் முதல் எது, இரண்டாவது எது என்று பிரிப்பதில் பொருள் குறைவு.

கோட்பாட்டுக்கு ஆதரவான எண்கள் வலுவானவை. ஆற்றின் அரிக்கும் ஆற்றல் எங்கே உச்சமோ அங்கேதான் பாறையின் வயது மிக இளமையாக இருக்கிறது. எழுச்சி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், சில மதிப்பீடுகளில் 10 மில்லிமீட்டர் வரை. பிரம்மபுத்திரா சுமக்கும் வண்டலில் கிட்டத்தட்டப் பாதி, அதன் நீர்ப்பிடிப்பில் சில விழுக்காடே உள்ள இந்த மூலையிலிருந்து வருகிறது என்று வெவ்வேறு முறைகளில் செய்த ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன.

மழையும் இந்தச் சுழற்சியில் ஒரு பங்காளி. வங்கக் கடலின் ஈரம் சியாங் வழியாகவே உள்ளே ஏறுகிறது. 29 பாகை வடக்கிலும் மெதோக் பகுதியில் வாழை விளைகிறது. பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட காட்டில் 2023இல் 102.3 மீட்டர் உயரச் சைப்ரஸ் மரம் ஒன்றை அளந்தார்கள். ஆதி, மோன்பா, லோபா மக்கள் வாழும் இச்சரிவுகளைத் திபெத்திய பௌத்தர்கள் பெமாகோ என்ற மறைநிலமாகப் போற்றி யாத்திரை வந்தார்கள். நெடுஞ்சாலை எட்டாத சீனாவின் கடைசி மாவட்டமாக மெதோக் 2013 வரை இருந்ததற்குக் காரணமும் இதே மழைதான். போட்ட சாலையெல்லாம் சரிந்து போனது.

ஆனால் இரண்டு விஷயங்கள் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்றாகிவிடாது. பெண்டிக், ஏலர்ஸ் இருவரும் 2014இல், உள்ளே இறங்கும் தட்டின் வளைந்த மூலையே விறைப்பாக இருப்பதால் எழுச்சி அங்கே குவிகிறது, ஆறு இல்லாவிட்டாலும் அது தொடங்கும் என்றார்கள். 2016இல் கிங் குழுவினர், மிக வேகமாக எழும் பகுதி கடந்த 10 லட்சம் ஆண்டுகளில் வடக்கே நகர்ந்திருப்பதாகக் காட்டினார்கள். ஆறுதான் புடைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் புடைப்பு ஆற்றை விட்டு விலகக் கூடாது.

மணலுக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு

ஸைட்லர் கோட்பாட்டுக்குக் கடுமையான அடி 2014இல் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து வந்தது. வளைவுக்கு முன்னால் சாங்போ மிக அகலமான சமதளத்தில் பின்னிப் பிரிந்து ஓடுகிறது. கரையில் மணல்மேடுகள்கூட உண்டு. வாங் பிங் குழுவினர் அந்தத் தளத்தில் துளையிட்டார்கள். ஓரிடத்தில் 500 மீட்டருக்கும் மேல் போனபிறகே அடிப்பாறை வந்தது. புதைந்துபோன அந்தப் பழைய பள்ளத்தாக்கின் தரையைக் கீழ்நோக்கி நீட்டினால், இன்றைய செங்குத்து இறக்கம் இல்லாமலே அது இமயத்தைக் கடந்துவிடுகிறது. அடிமணலிலுள்ள அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க ஐசோடோப்பு அளவுகள் அது புதைந்து 20 முதல் 25 லட்சம் ஆண்டு ஆகிறது என்றன. ஆக, முன்பு ஆறு ஒரே சீராக இறங்கியது, நம்ச்சா பர்வா எழுந்து வழிமறித்தது, மேல்பக்கம் மணல் நிரம்பியது, கீழ்ப்பக்கம் செங்குத்தானது. செங்குத்து என்பது எழுச்சியின் விளைவு, காரணமல்ல.

இச்சான்று அழகானது. இருந்தாலும் அது சொல்வதைவிட அதிகமாக அதைப் பேசவைக்கக் கூடாது. மணல் நிரம்பத் தொடங்கிய காலமும் மலை எழத் தொடங்கிய காலமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஆறு நெடுங்காலம் ஈடுகொடுத்து அறுத்துவிட்டு, ஒரு கட்டத்தில்தான் தோற்றிருக்கலாம். அடிவாரத்துப் படிவுகளைப் படித்த லாங் குழுவினர் 2016இல், வேகமான எழுச்சி அதற்கும் பல பத்து லட்சம் ஆண்டுகள் முன்பே, மயோசீன் காலத்தின் பின்பகுதியிலேயே தொடங்கிவிட்டது என்றனர். தவிர, ஸைட்லர் தரப்பு ஆறுதான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. தொடங்கியதை ஓரிடத்தில் குவித்தது என்பதே அவர்கள் வாதத்தின் உயிர். பார்க்கப்போனால் இரு தரப்புக்கும் இடையிலுள்ள தூரம் தலைப்புகள் காட்டுவதைவிடக் குறைவு.

உடையும் அணைகள்

இந்தக் கோட்பாடுகள் எல்லாம் சராசரியில் பேசுகின்றன. ஆறு சராசரியில் வேலை செய்வதில்லை. 2004இல் மாண்ட்கோமரி குழுவினர், பள்ளத்தாக்கின் வாயைப் பனியாறுகள் அடைத்ததால் மேலே பெரும் ஏரிகள் தேங்கி, கடந்த 10,000 ஆண்டுகளுக்குள்ளேயே உடைத்துப் பாய்ந்ததற்குத் தடயங்களைக் காட்டினார்கள். பிறகு கோரப், மாண்ட்கோமரி இருவரும் அதே பனித்தடைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்றார்கள்: அரிப்பு திபெத் பீடபூமிக்குள் மேலேறிப் போகாமல் அவை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகின்றன. உடைந்தால் அரிப்பவை, நின்றால் காப்பவை.

இதெல்லாம் பழங்கதையும் அல்ல. 1950 ஆகஸ்டு 15 மாலை இப்பகுதியை உலுக்கிய 8.6 அளவு நிலநடுக்கம், நிலப்பரப்பில் கருவிகள் பதிந்தவற்றில் மிகப் பெரியது. 2000 ஏப்ரல் 9 அன்று கிளையாறான யிகோங்கில் மலை சரிந்து அடைத்தது. இரண்டு மாதம் தேங்கிய நீர் ஜூன் 10 அன்று உடைத்துக்கொண்டு அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட் வரை வாரிப்போனது. 2018 அக்டோபரில் க்யாலா பெரியின் சரிவிலிருந்து இறங்கிய பனியும் பாறையும் சாங்போவையே மறித்தன. ஆயிரம் ஆண்டு அரிப்பில் எவ்வளவு இத்தகைய சில நாள்களில் நடக்கிறது என்பது எந்த மாதிரியிலும் இன்னும் சரியாக அமரவில்லை.

மீதமிருப்பவை

வில்காக்ஸால் தன் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தது, அளக்கவேண்டிய நீர் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்ததால். நம்ச்சா பர்வாவின் சிக்கல் வேறு. இவ்வளவு வேகமாகத் தேயும் மலையில் பழைய பாறை தங்குவதில்லை. இருப்பதெல்லாம் அண்மைக் காலத்தில் மேலே வந்தது. தொடக்கத்தைப் பார்த்த பாறை அடிவாரப் படிவாகவும் வங்காளத்து வண்டலாகவும் வங்கக் கடலின் அடியிலும் கிடக்கிறது. அதனால்தான் மலையைப் படித்தவர் ஒன்று சொல்கிறார், மேல்பக்க மணலைத் துளைத்தவர் இன்னொன்று, கீழ்ப்படிவைப் பிரித்தவர் மூன்றாவது. கருத்து வேறுபாடுகளில் ஒரு பகுதி, சான்று எடுத்த இடத்தின் வேறுபாடு.

இன்றைய நிலையில் ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை: எழுச்சியின் மூலம் தட்டின் மூலையில், அது இவ்வளவு குறுகிய பரப்பில், இவ்வளவு வேகத்தில் நீடிக்க ஆறு உதவுகிறது, ஆற்றுக்கவர்வு, நடந்திருந்தாலும், வேறொரு அத்தியாயம். துணிந்து சொல்ல முடியாதவை: எழுச்சி தொடங்கியது 70 லட்சம் ஆண்டுக்கு முன்பா, 25 லட்சம் ஆண்டுக்கு முன்பா, ஆறு இல்லாதிருந்தால் நம்ச்சா பர்வா எவ்வளவு உயரம் இருந்திருக்கும், வடக்கே நகரும் புடைப்பு வளைவையும் தன்னோடு இழுத்துப் போகுமா.

இதற்கிடையே 2025 ஜூலையில் சீனா இங்கே ஐந்து நீர்மின் நிலையங்களைக் கட்டத் தொடங்கியது, செலவு 1.2 லட்சம் கோடி யுவான். வளைவைச் சுற்றிப் போகும் நீரை மலைக்குள் குடையும் சுரங்கங்கள் வழியே குறுக்காக இறக்குவது திட்டம். சுரங்கம் தோண்டும்போது வெளிவரும் பாறைத்துண்டுகளும் உள்ளே அளக்கப்படும் வெப்பநிலைகளும் இதுவரை எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காதவை. மேலே சொன்ன மூன்று கேள்விகளில் முதலாவதையாவது அவை நெருக்கிப் பிடிக்கக்கூடும். வெளியிடப்பட்டால்.